அக்காவின் எடைச்சீட்டு

பேத்தியின் கைப்பேசியில் நாற்பத்தெட்டு என்ற எண்ணைப் பார்த்ததிலிருந்து மூன்று நாளாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. கல்லூரி கபடிக் குழுவில் ஆடுகிறவள். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் தோள்கள். அவள் எடை அறுபத்தாறு, போய்ச் சேரவேண்டிய இடம் நாற்பத்தெட்டு என்று அந்தத் திரை சொல்கிறது. நேற்று இரவு இரண்டு சப்பாத்தி சாப்பிட்டாள். முந்தாநாள் மூன்று. நான் எதையும் எண்ணாமல் இருக்கமுடியாதவன் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், நான் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. எழுதிவைத்தால் ஒருவேளை படிப்பாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எங்கள் வரிசையில் பதினாறு வீடுகள், ஆறாவது எங்களுடையது. அக்காவுக்குப் பதினாறு வயது. பள்ளியில் குண்டு எறிகிறவள். நாலு கிலோ இரும்புக் குண்டைக் கழுத்தோடு ஒட்டிவைத்து, ஒரு சுற்றுச் சுற்றி அவள் தள்ளிவிட்டால், விழுந்த இடம்வரை குதிகாலும் கட்டைவிரலும் தொடத்தொட அளந்துபோவது என் வேலை. என் பாதத்தால் ஐம்பத்திரண்டு அடி.

பள்ளி விளையாட்டு விழாவில் எடுத்த புகைப்படம் ஒன்று குவார்ட்டர்ஸ் முழுக்கக் கைமாறியது. அதில் அக்காவும், மூன்றாம் வரிசையில் குடியிருந்த நூறு மீட்டர் ஓட்டக்காரியும் கோப்பைகளோடு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஓட்டக்காரி முருங்கைக்காய் போல இருப்பாள். எதிர்வீட்டு அத்தை படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்.

"ஓடுற பொண்ணு எவ்ளோ லட்சணமா இருக்கு பாரு. உம்பொண்ணு பக்கத்துல அண்ணங்காரன் மாதிரி நிக்கிறா."

அம்மா சிரித்து மழுப்பினாள். உள்ளறையில் அக்கா தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னிய ஜடையை அவிழ்த்து மறுபடி பின்னினாள். மூன்று முறை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறிகாய் வாங்கப் போகும்போது என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனாள். நடைமேடையில் எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று உண்டு. ஏறி நின்றால் உள்ளே சிவப்பும் பச்சையுமாகச் சின்ன பல்புகள் ஓடும், ஒரு சக்கரம் சுழலும். அது நின்றபிறகு காசு போட்டால், 'டக்' என்று ஒரு சீட்டு விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஆரூடம். அக்கா காய்கறிப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். அறுபத்திரண்டு.

"அவ நாப்பத்தெட்டாம்ல," என்றாள். அவள் என்றால் ஓட்டக்காரி.

வீட்டுக்கு வரும் வழியில் தண்டவாளத்தோரப் புங்கமரத்தடியில் நிறுத்தி, என் வலக்கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ஏல, எந்தட்டுல விழுறதுல பாதி உந்தட்டுக்கு வரும். நீ தின்னுடணும். அம்மாட்ட, அப்பாட்ட, யாருட்டயும் மூச்சு விடப்பிடாது. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பொய்ச் சத்தியம் செய்தால் யார் தலையில் அடித்தோமோ அவர் தலை வெடித்துவிடும் என்பது எங்கள் வகுப்பில் நாற்பத்தோரு பேருக்கும் தெரிந்த உண்மை.

முதல் வாரம் எனக்குக் கொண்டாட்டம்தான். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பும்போது தோசை தாவி வரும். அக்கா ஒன்று, நான் ஐந்து. அடுத்த ஞாயிறு சீட்டில் அறுபது. அதற்கடுத்து ஐம்பத்தெட்டு. சீட்டுகளை என் ஜியாமெட்ரி டப்பாவில் சேர்த்துவைக்கச் சொன்னாள். நான்காவது சீட்டு ஐம்பத்தாறு என்றது. அன்று பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தொட்டியில் இத்தனை லிட்டர் தண்ணீர், மணிக்கு இத்தனை லிட்டர் வெளியேறுகிறது, தொட்டி எப்போது காலியாகும்? விடையை எழுதி முடித்ததும் அதன் கீழேயே இன்னொரு கணக்கைப் போட்டேன். ஐம்பத்தாறு கிலோ. வாரத்துக்கு இரண்டு. இருபத்தெட்டு வாரம்.

காலண்டரை எடுத்து எண்ணினேன். முழுப்பரீட்சைக்கு முன்னாலேயே அக்கா தீர்ந்துபோய்விடுவாள்.

"நாப்பத்தெட்டு வந்ததும் நிறுத்திருவேம்ல," என்று அவள் சொல்லியிருந்தாள். நான் நம்பவில்லை. எங்கள் கணக்குப் புத்தகத்தில் குழாயை நடுவில் மூடுகிற ஆள் ஒருவர்கூட வந்ததில்லை.

அதன்பிறகு அக்காவைத் தவிர நான் வேறு எதையும் எண்ணவில்லை. சீப்பில் சிக்கிய அவள் முடியை எண்ணினேன், நாற்பத்து மூன்று. குழாயடியிலிருந்து வீட்டுக்குள் குடத்தோடு வருவதற்குள் எத்தனை தடவை நிற்கிறாள் என்று எண்ணினேன். முன்பெல்லாம் நிற்கவே மாட்டாள், இப்போது இரண்டு. மைதானத்தில் குண்டு விழும் இடம் ஐம்பத்திரண்டு அடியிலிருந்து நாற்பத்தாறாகி, நாற்பத்தொன்றாகியது. காலையில் எழுந்ததும் அவள் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். அம்மாவிடம் சொன்னால் அக்காவின் தலை உடனே வெடிக்கும். சொல்லாவிட்டால் இருபத்தெட்டு வாரம் இருக்கிறது. இருபத்தெட்டு, பூஜ்யத்தைவிடப் பெரியது. எனவே வாயை மூடிக்கொண்டேன். அம்மாவோ, பரீட்சைக் கவலையில் பெண் வாடுகிறாள் என்று நினைத்து இன்னொரு தோசை போட்டாள். அதுவும் எனக்கு வந்தது. நிஜார் இடுப்பில் இறுகத் தொடங்கியது.

ஐந்தாவது சீட்டு ஐம்பத்து நான்கு. அந்தச் சனிக்கிழமை அம்பத்தூரில் ஒரு பள்ளி மைதானத்தில் மாவட்டப் போட்டி. டிரில் டீச்சரோடு அக்கா போனாள். துணைக்கு என்னை அனுப்பினார்கள், கையில் நான்கு அடுக்குத் தூக்கோடு.

அவ்வளவு பெண்களை அரைக்கால் சட்டையில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. முதுகில் குத்திய எண்துணியை வைத்து எண்பத்தேழுவரை எண்ணினேன். உயரம் தாண்டுகிறவர்கள் கொக்குபோல நின்றார்கள். நெடுந்தூரம் ஓட வந்த ஒருத்தி என்னைவிட இரண்டு விரற்கடைதான் உயரம், கால் இரண்டும் விறகுக்குச்சி. வட்டு எறியும் பெண்ணுக்கு ஒரு தோள் இன்னொரு தோளைவிடப் பெரிது. குண்டு எறிய பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வந்தவள் வேப்பமரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் இலைப் பொட்டலத்தைப் பிரித்துவைத்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். அக்காவைவிட ஒன்றரை மடங்கு இருப்பாள். அவள் தின்பதிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"இன்னா நைனா, எண்ணிகினு கீறியா?"

"ஏழு," என்றேன்.

"கரீட்டா சொல்றியே. எட்டாவது ஒண்ணு கீது. இந்தா, உங்க அக்காவுக்குக் குடு."

"பசிக்கல," என்றாள் அக்கா.

"உனக்குப் பசிக்கல. அந்தக் குண்டு இன்னா, தானா எந்திரிச்சுப் போயி உழுமா? நாமதான தூக்கணும்." கையை இலையில் துடைத்துக்கொண்டு அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். "போன வருசம் என்னைத் தோக்கடிச்சது நீதான? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

அக்கா உள்ளங்கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு வட்டத்தை நோக்கி நடந்தாள்.

அவள் முதல் எறி முப்பத்தெட்டு அடி, என் பாதக் கணக்கில். இரண்டாவதில் வட்டத்தைவிட்டு வெளியே கால் போய்விட்டது. மூன்றாவதுக்குக் குண்டைக் கழுத்தில் வைத்தவள் சுற்றவே இல்லை. முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்தாள். குண்டு அவள் பக்கத்தில் மண்ணில் புதைந்தது. என் கணக்கு தப்பு, இருபத்தேழு வாரமெல்லாம் இல்லை, இன்றைக்கேதான் என்று நினைத்தேன்.

டிரில் டீச்சர் ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். "காலையில என்னடா சாப்பிட்டா இவ? சொல்லு."

நான் அக்காவின் தலையைப் பார்த்தேன். வகிடு நேராக இருந்தது. அதன் நடுவில் ஒரு வியர்வைத்துளி உருண்டது. வாயைத் திறந்தால் அந்த வகிட்டில்தான் பிளக்கும் என்று எனக்குத் தோன்றியது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஐந்து முறை கேட்டார்.

பூந்தமல்லிக்காரி வந்து அக்காவின் அக்குளில் கையைக் கொடுத்து, ஒரு பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி மரத்தடியில் சாய்த்தாள். கோலிசோடாவை வாயில் ஊற்றினாள். சற்றுத் தள்ளி, நூறு மீட்டரில் ஜெயித்த எங்கள் ஓட்டக்காரி விளையாட்டாக அந்தக் குண்டைத் தூக்கிப் பார்த்தாள். முழங்கால்வரைதான் வந்தது. "ஐயோ, கால்ல உழப்போவுது," என்று கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று இரவும் இரண்டு தோசை என் தட்டுக்கு வந்தது.

மறுநாள் ஞாயிறு. நான் முடிவு செய்துவிட்டேன். எண் இறங்கக்கூடாது, அவ்வளவுதான். சுக்கு இடிக்கும் சின்ன இரும்பு உலக்கையை அடுப்படியிலிருந்து எடுத்து, பழந்துணியில் சுற்றிக் காய்கறிப் பையின் அடியில் போட்டேன். மேலே நான்கு கத்தரிக்காய். இயந்திரத்தின்முன் அவள் பையை நீட்டியபோது, கை வலிக்கிறது என்று பின்னால் கட்டிக்கொண்டேன். பையோடு ஏறினாள். பல்புகள் ஓடின. சீட்டு விழுந்தது. ஐம்பத்தாறு.

"ஏறிட்டுல," என்றாள் மெதுவாக.

அப்போதுதான் என் முட்டாள்தனம் எனக்கு உறைத்தது. ஏறிவிட்டது என்றால் இன்னும் குறைக்கத்தானே பார்ப்பாள். அந்த ஒரு தோசையும் நின்றுவிடும். இருபத்தேழு வாரத்தை நானே வெட்டிச் சுருக்கிவிட்டேன். வீடுவரை எண்ணூற்றுச் சொச்சம் அடியையும் தலைகுனிந்து எண்ணிக்கொண்டே வந்தேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அம்மா சோறு போட்டுவிட்டு ரசம் எடுக்கத் திரும்பினாள். நான் தட்டை அக்காவின் தட்டோடு ஒட்டிவைத்துக் காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. அக்கா பிசைந்தாள். உருட்டினாள். தின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று. பதினெட்டு உருண்டை.

"இன்னும் கொஞ்சம் போடும்மா," என்றாள்.

சாயங்காலம் பையிலிருந்து உலக்கையை எடுக்கப் போனேன். அது பையில் இல்லை. அடுப்படி மூலையில் அதன் இடத்தில் சாத்தியிருந்தது. அம்மா பார்த்துவிட்டாள், அடி விழப்போகிறது என்று ஒன்பது நாள் நடுங்கினேன். விழவில்லை. ஸ்டேஷன் இயந்திரத்துக்கு அக்கா அதற்கப்புறம் போகவும் இல்லை. இரும்பு உலக்கைதான் அவளைக் காப்பாற்றியது என்று மிகத் தீர்மானமாக நம்பினேன். எண் ஏறியவுடன் ஏன் பசி வந்தது என்பதற்கு மட்டும் கணக்கு உதைத்தது.

எனக்கு நாற்பத்திரண்டு வயதானபோது, ஐயப்பன்தாங்கலில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பஸ் டெப்போ வாசலில் கொய்யா வாங்கிப்போனேன். பையைக் கையில் வாங்கியவள், உள்ளே பார்க்காமலே சொன்னாள்.

"ரெண்டு கிலோன்னு சொன்னானா? நூறு கிராம் அடிச்சுட்டாம்ல."

"எப்படிச் சொல்லுத?"

"நாலு கிலோவ ஏழு வருசம் கையில வச்சிருந்தவட்ட கேக்குற கேள்வியா இது?"

ஸ்டேஷன் இயந்திரத்தில் அவள் பிடித்துக்கொண்டு ஏறிய காய்கறிப் பை என் நினைவுக்கு வந்தது. நான்கு கத்தரிக்காய் கனக்கிற கனத்துக்கும் இரும்பு கனக்கிற கனத்துக்கும் வித்தியாசம் அந்தக் கைக்கா தெரிந்திருக்காது? பையைக் கீழே வைத்துவிட்டு ஏறியிருக்கலாம். என்னை அங்கேயே கன்னத்தில் அறைந்திருக்கலாம். தெரிந்தே அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், பிறகு உலக்கையை அடுப்படி மூலையில் அவளே சாத்தியிருக்கிறாள். நிறுத்து என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று அவள் எத்தனை வாரம் காத்திருந்தாள் என்பதை, எல்லாவற்றையும் எண்ணிய நான் எண்ணவில்லை. சத்தியத்தால் என் வாயைக் கட்டியவளும் அவள்தான்.

கேட்க வாயெடுத்தேன். அவள் அதற்குள் கொய்யாவை நறுக்கி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக்கொண்டிருந்தாள். எனக்கு நான்கு துண்டு வைத்தாள். தனக்கு ஐந்து.