நடக்கிறவளுக்கு ஒரு கவுன்

கமலவேணி துணியை வெட்டுவதற்கு முன் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பாள். கூடத்தில் இடம் போதாவிட்டால் வாசலுக்கே வந்துவிடுவாள். மலாக்காக் கடற்காற்று அவர்கள் குடியிருக்கும் காஜா பெராங் வந்து சேர்வதற்குள் பாதி தூங்கிப்போயிருக்கும். மிச்சமிருக்கிற பாதிக்குத் துணி எப்படி அசைகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கவனிப்பாள். “வெட்டுறதா இருந்தா வெட்டு. இது என்ன, சாமி வந்தவ மாதிரி?” என்பாள் அம்மா பாக்கியலட்சுமி. கமலவேணி பதில் சொல்லமாட்டாள். வாயில் குண்டூசி இருக்கும்.

குண்டூசி இல்லாத நேரத்திலும் அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. பகலில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் உட்கார்ந்து மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாவது முறைதான் திரும்பிப் பார்ப்பாள். மாலையில் வீட்டுக்கு வந்து கைத்தையல் மெஷினின் மூடியைத் திறந்த பிறகுதான் அவளுக்கு முழு உயிர் வருகிறது.

தைப்பது இரண்டே பேருக்கு: தனக்கு, தன் தங்கை கோகிலாவுக்கு. அக்கம்பக்கத்தில் எத்தனையோ பேர் துணியைத் தூக்கிக்கொண்டு வந்து கெஞ்சிப் பார்த்துவிட்டார்கள். “ரெண்டு பேருக்குத்தான் என் கைக்குத் தெரியும்லா” என்று அனுப்பிவிடுவாள். மரைக்காயர் துணிக்கடையில் ஒரே சுருளிலிருந்து இருவருக்கும் சேர்த்துத் துணி கிழிக்கச் சொல்வாள். கொசகொசவென்று பூப்போட்டது அவளுக்குப் பிடிக்காது. சின்னப் பூ, தூரத் தூரமாக, வெளிர் நிறத்தில் இருக்கவேண்டும். நாலாக மடித்து, மூலையில் இடுப்புக்கு வாய் வெட்டி, கீழே வளைவாக ஒரே இழுப்பில் கத்திரியை ஓட்டினால், விரிக்கும்போது தரையெல்லாம் துணியாகிவிடும். அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலியில் வேறு யாரும் உட்கார முடியாது.

வெட்டியதும் ஓரம் அடித்துவிடமாட்டாள். வட்டமாக வெட்டிய துணி உடனே தன் குணத்தைக் காட்டாது. நேர் இழை அப்படியே நிற்கும். மூலைவாட்டத்தில் போகிற இழை மெல்ல மெல்ல இறங்கும். அதனால் இரண்டு கவுன்களையும் கதவு நிலையில் ஆணியடித்துத் தொங்கவிடுவாள். இறங்குகிற வரைக்கும் இறங்கட்டும் என்று விட்டுவிடுவாள். அத்தனை நாளும் வீட்டார் குனிந்துதான் உள்ளே வரவேண்டும். “சொந்த வீட்டுக்குள்ள வர்றதுக்கு மக பாவாடைக்குக் கும்பிடு போடவேண்டியிருக்கு” என்று அப்பா மாணிக்கவாசகம் முணுமுணுப்பார். ஆனால் குனிவார். பக்கத்து வீட்டு ருக்மணி பீபி மட்டும் வேலியோரம் நின்று ரசிப்பாள். அவள் மலாக்காச் செட்டிக் குடும்பம்; பல தலைமுறைக்கு முன்னே வந்து மலாய் வழக்கத்தில் கலந்துவிட்ட தமிழர்கள். சாரோங் கெபாயா கட்டி, பூ வைத்து, நெற்றியில் விபூதி இட்டிருப்பாள். பேச்செல்லாம் மலாய்தான். “சாந்தேக்” என்பாள், அழகு என்று. காற்றில் இரண்டு கவுன்களும் ஒன்றோடொன்று உரசிக்கொள்வதைப் பார்த்தால் யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

கோகிலாவுக்கு இப்போது பதினேழு வயது. ஜப்பான்காரன் காலத்தில், நடை பழகி ஓடித் திரிந்த பருவத்தில், ஒரு காய்ச்சல் வந்து அவளுடைய இடது காலைச் சூம்பவைத்துவிட்டுப் போயிற்று. அந்தக் கால் மற்றதைவிடச் சற்றுக் குட்டை. நடக்கும்போது இடப்பக்கம் ஒரு முறை தாழ்ந்து எழுவாள். கடையில் துணியே கிடைக்காத அந்த நாளில், சிறுமியாக இருந்த கமலவேணி மாவு மூட்டைத் துணியைப் பிரித்துத் தங்கைக்கு ஒரு கவுன் தைத்தாள். நெஞ்சில் மில்லின் பேர் பாதி அழிந்து தெரிந்தது. கால் தெரியவில்லை. அன்றைக்குப் பிடித்த ஊசியை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.

ஓரம் குறிப்பது அவளுக்கு ஒரு பூசை. கோகிலாவைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, அளவுகோலைத் தரையில் செங்குத்தாக வைத்து, சாக்குக்கட்டியால் புள்ளி வைத்துக்கொண்டே முழங்காலில் சுற்றி வருவாள். இடது இடுப்பு தாழ்ந்திருப்பதால் அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக வெட்டுப்படும். முடிந்ததும் தூரப் போய்த் தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். ஓரம் நூல் பிடித்தமாதிரி இருக்கும். யார் கண்ணுக்கும் எந்தக் குறையும் தெரியாது.

கோகிலா நின்றுகொண்டிருக்கிற வரைக்கும். ஓர் எட்டு எடுத்து வைத்தால், குறைத்து வெட்டிய இடப்பக்கம் மேலே ஏறிக்கொள்ளும். மெலிந்த கெண்டைக்கால் வெளியே தெரியும். அதனால் கமலவேணியின் கைக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. தங்கையோடு எங்கே போனாலும் இடப்பக்கமாகவே நடப்பாள். தங்கை கவுனின் விளிம்பைப் பிடித்துச் சுருக்கென்று கீழே இழுத்துவிடுவாள். தான் இழுப்பதே அவளுக்குத் தெரியாது.

மெஷின் சக்கரத்தைச் சுற்றும்போது அவள் கண் எங்கோ போய்விடும். பெயர் தெரியாத ஒரு தெரு. இரண்டு பக்கமும் மரம். அக்காவும் தங்கையும் ஒரே நிறக் கவுனில் கைகோத்துப் போகிறார்கள். காற்று இரண்டு பாவாடைகளையும் ஊதி நிரப்புகிறது. அந்தத் தெருவில் கோகிலா தாழ்ந்து எழுவதில்லை. நேராக நடக்கிறாள். இதைக் கமலவேணி யாரிடமும் சொன்னதில்லை.

மெர்டேக்கா, நாட்டின் சுதந்திர நாள், நெருங்கி ஊரெல்லாம் தோரணம் கட்டத் தொடங்கிய சமயத்தில் விஜயா டீச்சர் வீட்டுக்கு வந்தாள். மாலை வகுப்பில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள். வகுப்புப் பெண்கள் ஊர்த் திடலான பாடாங்கின் ஒரு முனையிலிருந்து வரிசையாக நடந்து போய் மேடையேறிப் பாடவேண்டும். கோகிலாவின் குரல் இல்லாமல் முடியாது. டீச்சர் கொஞ்சம் தயங்கி, “கோகிலா முன்னாடியே மேடையில போய் நின்னுக்கட்டும். மத்தவங்க நடந்து வந்து சேர்ந்துக்குவாங்க. அப்படித்தானே நல்லாயிருக்கும்?” என்றாள். கமலவேணிக்கு மனம் குளிர்ந்துபோயிற்று.

மெர்டேக்காவுக்கு எடுத்த துணி வானநீலத்தில் வெள்ளைப் பூ. தொங்கவேண்டிய நாளெல்லாம் தொங்கிவிட்டது. கமலவேணி அளவுகோலை எடுத்து வைத்து, “நேரா நில்லு பாப்பா” என்றாள். கோகிலா நிற்கவில்லை. கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்தாள்.

“எங்க போற?”

“நடக்குறேன். இப்ப அள.”

“நடந்தா எப்படி அளக்குறது?”

“எனக்கென்ன தெரியும்? நீதானே தைக்கிறவ.” சுவரைத் தொட்டுத் திரும்பினாள். “நீ தைச்சதெல்லாம் நின்னாத்தான்கா நல்லா இருக்கு. அதனாலயே எங்க போனாலும் நிக்கிறேன். கல்யாண வீட்டுல தூணோரமா நிக்கிறேன். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பொறவும் நிக்கிறேன். இப்ப பாடாங்குலயும் போய் நிக்கணுமா?”

கமலவேணி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள். முதலில் வந்தது கோபம்தான். இத்தனை வருஷம் முழங்கால் தேயச் சுற்றி வந்தவளுக்கு வராதா?

“இடப்பக்கம் குறைக்காம வெட்டினா நிக்கும்போது ஒரு பக்கம் எறங்கித் தெரியும். ஊர் சனம் பூரா பார்க்கும்.”

“பார்க்கட்டுமே. கோணல் கவுனுல இல்ல, என் கால்ல. அது எல்லாருக்கும் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியமாட்டேங்குது.” கோகிலாவின் குரல் தாழ்ந்தது. “நேரா நடக்குற ஒருத்திக்கு நீ தைக்கிறக்கா. அவ யாருன்னு எனக்குத் தெரியல.”

கமலவேணிக்குத் திக்கென்றது. அந்தத் தெருவைத் தங்கை எப்போது எட்டிப் பார்த்தாள் என்று அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் மாலை வீட்டுக்கு முன்னால் சந்தில் ஒரு கூத்து நடந்தது. கோகிலா நடந்தாள். கமலவேணி ஒரு கையில் அளவுகோலும் மறு கையில் சாக்குக்கட்டியுமாகக் கூடவே தவழ்ந்தாள். ஒரு புள்ளி வைப்பதற்குள் அந்த இடம் மேலே போய்விடும். அடுத்த புள்ளிக்குள் கீழே வந்துவிடும். ருக்மணி பீபி வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கையைத் தட்டி, “ஜாலான், ஜாலான்” என்றாள். நட, நட என்று அர்த்தம். கோகிலாவும் சிரித்துக்கொண்டே நடந்தாள். நடந்துகொண்டே சிரிக்கிற தங்கையைக் கமலவேணி தெருவில் பார்த்ததில்லை. சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு அவள் தரையிலிருந்து அளக்கவில்லை. இரண்டு கவுன்களையும் பாயில் விரித்து, இடுப்பிலிருந்து கீழே சுற்றிலும் ஒரே அளவு வைத்தாள். தனக்கு எப்படியோ அப்படியே தங்கைக்கும். ஓரம் மடித்து அடித்து முடித்ததும் கோகிலா அணிந்து காட்டினாள். நின்றபோது இடப்பக்கம் இரண்டு விரல் இறங்கித்தான் இருந்தது. கமலவேணியின் கை பரபரத்தது. கத்திரியை மெஷின் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

மெர்டேக்கா அன்று பாடாங்கில் கால் வைக்க இடமில்லை. அங்கே கடல் பக்கத்திலேயே இருப்பதால் காற்று தூங்காமல் வந்தது. அம்மா அப்பாவோடு கூட்டத்தின் முன்வரிசையில் கமலவேணி அதே வானநீலத்தில் நின்றாள். பெண்கள் வரிசை புறப்பட்டது. நடுவில் கோகிலா; டீச்சரிடம் தானே பேசி வரிசையில் இடம் வாங்கியிருந்தாள். மேடை வெகு தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றியது. ஓர் எட்டுக்குப் பாவாடை இந்தப் பக்கம் முழுக்கச் சாய்ந்தது; அடுத்த எட்டுக்கு அந்தப் பக்கம். வரிசையில் மற்ற பெண்களின் பாவாடைகள் காற்றுக்கு ஆடின. கோகிலாவுடையது அவள் நடைக்கு ஆடியது.

“கால் சரியில்ல போலிருக்கு, பாவம்” என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி. கமலவேணி வெடுக்கென்று அவள் பக்கம் திரும்பினாள். வாய் வரைக்கும் ஏதோ வந்தது. ஆனால் கோகிலா இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மேடையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். நடையில் அவசரமும் இல்லை, கூச்சமும் இல்லை.

அவள் திடலின் பாதியைத் தாண்டியபோதுதான் கமலவேணி குனிந்து பார்த்தாள். தன் கை தன்னுடைய கவுனின் இடப்பக்கத்தைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. இறுக்கிப் பிடித்த இடத்தில் துணி கசங்கியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை விட்டாள்.