இருக்கையைக் கிளப்பாமல் சொன்ன தீர்ப்பு

நிரோஜாவின் பட்டா லொறியை மூன்று கிழமை படுக்கப்போட வேண்டும் என்று மெக்கானிக் செபநாயகம் சொன்னபோது, அவர் இருக்கையைக் கிளப்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சின்ன லொறியில் எஞ்சின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. கிளப்பாமல் ஒன்றும் தெரியாது. தண்ணீர் குறைகிறது, சூடு ஏறுகிறது என்று அவள் சொன்னதைக் கேட்டார். அவ்வளவுதான்.

“ஹெட் காஸ்கெற் போட்டுது தங்கச்சி, எஞ்சினுக்குள்ளை தண்ணியை அடைச்சு வைக்கிற தகடு. எஞ்சின் இறக்கவேணும். முன் பிறேக்கும் தேஞ்சிட்டுது, நிப்பாட்டேக்கை கீச்செண்டது கேட்டது. எல்லாத்தையும் ஒரேயடியாச் செய்வம்.”

எங்கள் பக்கத்தில் கராஜில் கேள்வி கேட்கும் வழக்கம் இல்லை. டொக்டரிடம் கேட்பதில்லை, குருக்களிடம் கேட்பதில்லை, மெக்கானிக்கிடமும் கேட்பதில்லை. தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து புறுபுறுப்போம். நிரோஜாவுக்கு அந்தப் பழக்கம் பிடிபடவில்லை.

“எதைப் பாத்துச் சொல்லுறியள் அண்ணை?”

“முப்பது வருசமா உதுக்குள்ளைதான் கிடக்கிறன்.”

“அனுபவத்தை நான் கேக்கேல்லை. எதைப் பாத்தனீங்கள் எண்டு கேக்கிறன்.”

வாங்கில் தங்கள் வாகனத்துக்குக் காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். செபநாயகம் துணியில் கையைத் துடைத்தார். பிறகு கேட்டாரே ஒரு கேள்வி, அதுதான் குடாநாட்டுக் கராஜ்களின் முதல் கேள்வி.

“வெளியிலை ஆர் இருக்கினம்?”

“என்ரை அண்ணை பிரான்சிலை.”

“பிறகென்ன, அவருக்கு ஒரு கோல் எடுத்துக் காசு அனுப்பச் சொல்லுங்கோவன்.”

“லொறி ஓடுறது நான். பிரான்சிலை இருக்கிறவர் இல்லை.”

சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. தொண்டைமானாற்றுக் கடற்தொழில் குடும்பம். ஒன்பது வருடம் தையல் தொழிற்சாலையில் நின்றாள். கழிவறைக்குப் போவதற்கும் சீட்டு வாங்கவேண்டும் என்று சட்டம் போட்டபோது முதலில் எழும்பிக் கதைத்தவள் அவள்தான். வேலை போனது. சீட்டு முறையும் போனது. ஓட்டப் பழகுகிற இடத்தில் “ஸ்கூட்டிதானே அக்கா?” என்று கேட்டார்கள். “லொறி” என்றாள். இந்தப் பழைய பட்டாவை வாங்கி நாலு வருடமாகிறது.

விடிய ஐந்தரைக்குக் கரையில் மீன் பெட்டி ஏற்றி, ஏழுக்குள் சுன்னாகம் சந்தையில் இறக்கவேண்டும். ஓட்டம் கொடுப்பவர் மீன் முதலாளி வின்சன்ற். வண்டி வராவிட்டால் மீன் காத்திருக்காது, வின்சன்றும் காத்திருக்கமாட்டார். கரையில் வேறு இரண்டு பட்டாக்காரர் அந்த ஓட்டத்தில் கண் வைத்திருந்தார்கள். மூன்று கிழமை வண்டி படுத்தால் ஓட்டம் அவர்களுடையது. பிறகு கெஞ்சினாலும் கிடையாது. நிரோஜாவுக்குக் கெஞ்சவும் வராது.

வீட்டில் அவளுடைய புருசன் பிரவீணன் வலை பொத்திக்கொண்டிருந்தான்.

“செபநாயகத்தாரோடை சண்டை பிடிச்சனியாம். கதை உனக்கு முன்னாலை வந்திட்டுது.”

“சண்டை இல்லை. கேள்வி.”

“அந்தாள் ஒண்டும் தெரியாமல் சொல்லாது.”

“உங்கடை போட் ஒழுகினா என்ன செய்வியள்? ஆரோ சொன்னான் எண்டு அடிப்பலகையை வெட்டுவியளோ?”

படகு ஒழுகினால் அதைக் கரையில் ஏற்றி, உள்ளே தண்ணீர் ஊற்றி, வெளியே எங்கே கசிகிறது என்று பார்ப்பார்கள். கசியும் இடத்தை மட்டும் பொத்துவார்கள். அந்தக் கரையில் இது தெரியாத ஆள் இல்லை. லொறிக்கும் இதே முறையைப் பார்த்தால் என்ன என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

எஞ்சின் ஆறும்வரை இருந்தாள். இருக்கையைக் கிளப்பி, தண்ணீர் ஓடும் குழாய்களையும் தண்ணீர்ப் பம்பையும் துணியால் ஒற்றிக் காயவைத்தாள். மகளின் முகப்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து எல்லாவற்றுக்கும் மேலே தூவினாள். தண்ணீரை நிரப்பி எஞ்சினைக் கால் மணித்தியாலம் ஓடவிட்டாள்.

“எஞ்சினுக்குப் பவுடர் பூசுற பொம்பிளையை இண்டைக்குத்தான் பாக்கிறன். பொட்டும் வைச்சுவிடன்” என்றான் பிரவீணன்.

“லைற்றைப் பிடியுங்கோ.”

குழாய்களில் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. பம்பின் கீழ்ப் பக்கத்தில் மட்டும் ஒரு கோடு நனைந்து இறங்கியிருந்தது. அந்தக் கோட்டின் ஓரத்தில் கேத்தில் அடியில் படிவது போல வெள்ளையாக ஏதோ காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள். உப்பு.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உவர். குடிக்கப் பவுசர் வண்டியில் வரும் நல்ல தண்ணீர்தான் வாங்குகிறார்கள். லொறிக்கு மட்டும் நாலு வருடமாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினார்கள். அந்தக் கரையில் எல்லோரும் அப்படித்தான் ஊற்றுகிறார்கள். பம்பை அரித்தது அந்த உப்பு. ரேடியேற்றரையும் அடைத்திருக்கும்.

“நான்தான் ஊத்தினனான்” என்றான் பிரவீணன்.

“நானும்தான் ஊத்தினன். விடுங்கோ.”

அடுத்த நாள் சந்தையில் பெட்டிகளை இறக்கிய கையோடு கராஜுக்குப் போனாள். போகிற வழியில் இரண்டு தரம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினாள். பவுசர் தண்ணீர். செபநாயகம் அவளைக் கண்டதும், வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“இஞ்சினியர் வந்திட்டா.”

“வந்திட்டன். பம்ப் ஒழுகுது அண்ணை. வந்து பாருங்கோ.”

பார்த்தார். நனைந்த கோட்டை விரலால் தொட்டார். ஆள் ஒன்றும் தெரியாதவர் இல்லை.

“பம்பும் போயிருக்கலாம், ஹெட்டும் போயிருக்கலாம்.”

“சரி. ஹெட் போனா எப்பிடித் தெரியும்?”

“ஓயிலுக்குள்ளை தண்ணி கலந்து பால்தேத்தண்ணி மாதிரி வரும். ரேடியேற்றர் மூடியைத் திறந்து ஸ்ராட் பண்ணினா விடாமல் குமிழி அடிக்கும்.”

“ஆறவிட்டுத் திறவுங்கோ. இவைக்கு முன்னாலை பாப்பம்.”

வாங்கில் இருந்தவர்கள் எழும்பி வந்துவிட்டார்கள். இனி அவர் மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஒரு மணித்தியாலம் கழித்து மூடியைத் திறந்து எஞ்சினை முடுக்கினார். தண்ணீர் செம்மண் நிறத்தில் ஆடியது. குமிழி இல்லை. ஓயில் கம்பியை இழுத்துத் துடைத்து, திரும்ப விட்டு எடுத்தார். கறுப்பு ஓயில். பால்தேத்தண்ணி இல்லை.

“இண்டைக்கு இல்லாட்டியும் நாளைக்கு வரும்” என்றார்.

“வந்தா வாறன். அண்டைக்குக் கழட்டுங்கோ. இப்ப பிறேக்கைக் காட்டுங்கோ.”

சில்லைக் கழற்றிக் காட்டினார். பிறேக் கட்டை தகடுவரை தேய்ந்திருந்தது. அது உண்மை.

“உதை மாத்துங்கோ. பம்பை மாத்துங்கோ. ரேடியேற்றரைக் கழுவித் தண்ணிக்குப் பதிலாக் கூலன்ற் விடுங்கோ. கழட்டுற பழைய சாமான் எல்லாம் எனக்கு வேணும். எஞ்சினைத் தொடவேண்டாம்.”

“தண்ணி என்ன தண்ணி ஊத்தினனீங்கள்?”

“கிணத்துத் தண்ணி. உவர்.”

செபநாயகத்துக்கு மூச்சு வந்தது. “அப்ப பிழை உங்கடைதானே.”

“ஓம், என்ரை பிழைதான். அதை இவ்வளவு பேருக்கும் முன்னாலை நான் சொல்லிப்போட்டன். உங்கடையை நீங்கள் சொல்லுங்கோ.”

அவர் ஸ்பனரை எடுத்துக்கொண்டு கீழே படுத்தார். வாங்கில் இருந்தவர்களில் ஒருவர், நரைத்த மனிசன், மெல்லக் கேட்டார். “செபநாயகம், என்ரை காருக்கும் ஹெட் எண்டுதானே சொன்னனீர்?” கீழே ஸ்பனர் தட்டும் சத்தம் கூடியது.

நிரோஜா வீட்டுக்குப் போகவில்லை. ஒரு கதிரையை இழுத்து லொறிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தாள். மத்தியானம் பாணும் பருப்பும் அங்கேயே சாப்பிட்டாள். பின்னேரம் ஐந்துக்கு வேலை முடிந்தது. பழைய பம்பை ஒரு உரப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டிப் போனாள். சூட்டு முள் நடுவில் நின்றது.

விடிய ஐந்து மணிக்குக் கரையில் வேறொரு பட்டா நின்றது. கதை அங்கேயும் போயிருந்தது. வின்சன்ற் அவளைக் கண்டு கொஞ்சம் தடுமாறினார்.

“மூண்டு கிழமைக்கு வாகனம் இல்லையெண்டு சொல்லிச்சினம், பிள்ளை. அதுதான் இவரை வரச் சொன்னனான்.”

“ஆர் சொன்னது?”

“கராஜ் பக்கம்.”

“நான் சொன்னனானோ?”

வின்சன்ற் மற்றப் பட்டாவைப் பார்த்தார். அதன் சாரதி வேறு பக்கம் பார்த்தான்.

“இல்லை” என்றார் வின்சன்ற்.

நிரோஜா லொறியைப் பின்னுக்கு எடுத்து, பெட்டிகளுக்கு நேரே நிறுத்தி, பின் கதவை அடித்துத் திறந்தாள்.

“ஏத்துங்கோ.”