ஸ்டியரிங் இல்லாத சீட்

தாராவி நைன்டி ஃபீட் ரோட்டில் வானமாமலையைத் தெரியாதவர்கள் குறைவு. காலையில் பள்ளிப் பிள்ளைகள், பத்து மணிக்கு ஆபீஸ் ஆட்கள், சனி ஞாயிறென்றால் ஷீரடி, நாசிக், மஹாபலேஷ்வர் என்று முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். இப்போது ஓட்டுவது பதினேழு சீட் டெம்போ டிராவலர். நல்ல மனிதர்தான், கொஞ்சம் தலைக்கனம் என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு.

பேச்சுக்குக் காரணம் இருந்தது. அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அவர் ஏற மாட்டார். டோம்பிவிலியில் இருக்கும் மச்சினன் மாரிக்கண்ணன் புதுக் கார் வாங்கி, முதல் சவாரிக்கு அத்தானைக் கூப்பிட்டான். அத்தான் போனார், காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், "சாவியக் குடு" என்று கையை நீட்டினார். மச்சினன் தன் சொந்தக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து போனான். சயான் ஸ்டேஷனிலிருந்து எல்லோரும் ஷேர் ஆட்டோவில் வந்தால் இவர் நடந்து வருவார். "எவன் ஓட்டுனாலும் அவருக்குப் பிடிக்காது, அம்புட்டுக் கெத்து" என்றார்கள். வானமாமலை மறுக்கவில்லை. கெத்து என்று பேர் வாங்குவது வாந்தி என்று பேர் வாங்குவதைவிட மேல் அல்லவா?

உண்மை தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி விஜயராணி. நாங்குநேரியில் கல்யாணம் முடிந்து, பூக்கட்டிய காரில் மண்டபத்திலிருந்து வீட்டுக்குப் போகும்போது மாப்பிள்ளை நாலாவது கிலோமீட்டரில் வண்டியை நிறுத்தச் சொன்னார். மாலையைக் கழற்றிப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, ரோட்டோரத்து உடைமரத்துக்குப் பின்னால் போய் ஐந்து நிமிஷம் கழித்து வந்தார். விஜயராணி அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் வீட்டில் ஏதாவது வாக்குவாதம் முற்றும்போது, "அந்த உடைமரம்..." என்று மெல்ல ஆரம்பிப்பாள். வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

அவர் டிரைவர் ஆனதே இந்த வயிற்றால்தான். பதினெட்டு வயதில் தாராவிக்கு வந்து தோல் பை செய்யும் பட்டறையில் சேர்ந்தார். சரக்கு ஏற்றிய டெம்போவில் கூடப் போய் இறக்கி வருவது வேலை. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தால் மாட்டுங்கா தாண்டுவதற்குள் வாயில் எச்சில் ஊறும், பைகுல்லாவில் தலை வெளியே போய்விடும். ஒருநாள் டிரைவருக்கு மலேரியா. ஊரில் டிராக்டர் ஓட்டிய தைரியத்தில் வானமாமலை ஸ்டியரிங்கைப் பிடித்தார். அதே ரோடு, அதே குழி, அதே பெட்ரோல் வாடை. வயிறு ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதமே லைசென்ஸுக்கு எழுதிப் போட்டார்.

இப்படிப்பட்டவருக்கு மற்றவர்கள் வயிற்றின் மேல் இரக்கம் இருக்க வேண்டும். இல்லை. அண்ணன் மனைவி இசக்கியம்மாளை அவர் படுத்திய பாடு கொஞ்சமில்லை. வண்டியில் ஏறினால் அந்த அம்மாளுக்குக் குமட்டும். பிளாஸ்டிக் கவர், எலுமிச்சம்பழம், சுக்கு, ஈரத்துண்டு என்று ஒரு தனிப் பையே வைத்திருப்பாள். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவதில் வானமாமலைக்கு ஒரு சந்தோஷம்.

போன ஜனவரி இருபத்தாறாம் தேதி, தெருக்காரர்கள் பதினாறு பேர் அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு, பன்வேல் தாண்டி இருக்கும் ஒரு தீம் பார்க்குக்குப் புறப்பட்டார்கள். செம்பூர் தாண்டியதும் அவர் ஆரம்பித்தார்.

"என்ன மதினி, வாஷி பாலமே வரல. அதுக்குள்ள கவர விரிச்சாச்சா?"

"நீரு ரோட்டப் பாரும் கொழுந்தனாரே" என்றாள் இசக்கியம்மாள், எலுமிச்சையை மூக்கில் வைத்தபடி. "ஒமக்கு என்ன, இரும்பு வயிறு."

விஜயராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

வழக்கமாக இந்த மாதிரி இடங்களில் வானமாமலை வண்டியிலேயே சீட்டைச் சாய்த்துத் தூங்குவார். இந்தத் தடவை கல்லூரியில் படிக்கும் மகள் பொன்செல்வி விடவில்லை. "அப்பா, ஒங்களுக்கும் சேத்துதான் டிக்கெட் எடுத்திருக்கோம். சலோ நா!" என்று கையைப் பிடித்து இழுத்தாள். ராட்டினங்களை எல்லாம் அவர் தூரத்திலிருந்தே பார்த்துத் தலையாட்டி வைத்தார். கடைசியில், "இது வெறும் படம்தான்ப்பா. பெரிய ஸ்க்ரீன், அவ்ளோதான். ஏசி இருக்கு" என்றாள் மகள். சினிமா பார்த்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? அதுவும் அப்போதுதான் வடாபாவ் மூன்றும் மோர் இரண்டும் உள்ளே போயிருந்தன. ஏசியில் ஒரு தூக்கம் போடலாம் என்றே உள்ளே போனார்.

திரை எதிரில் மட்டும் இல்லை. இடதும் வலதும் மேலும் வளைந்து, ஆளை விழுங்குகிற மாதிரி நின்றது. வாசலில் நின்ற சைஃப் என்கிற ஊழியர், தலை சுற்றினால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று ஹிந்தியில் சொன்னதை வானமாமலை காதில் வாங்கவில்லை. அதெல்லாம் மதினி மாதிரி ஆட்களுக்கு. முதல் வரிசையில் நடுவாகப் பார்த்து உட்கார்ந்தார்.

விளக்கு அணைந்தது. ஒரு ஜீப் மலைப்பாதையில் இறங்க ஆரம்பித்தது. பார்க்கிறவர்தான் ஜீப்புக்குள் இருக்கிறார். முதல் வளைவிலேயே வானமாமலைக்குக் கோபம் வந்தது. ஹார்ன் அடிக்கவில்லை, கியர் குறைக்கவில்லை. இரண்டாவது வளைவில் அவருடைய வலதுகால் தானாக பிரேக்கைத் தேடித் தரையை மிதித்தது. தரையை மிதித்தால் ஜீப் நிற்குமா? மூன்றாவது வளைவில் பள்ளத்தாக்கு முழுதாகச் சாய்ந்து மடியில் வந்து விழுந்தது. உட்கார்ந்த சீட்டு அசையவே இல்லை. ஆனால் உடம்பு போய்க்கொண்டிருந்தது. காதுக்குப் பின்னால் வேர்த்தது. முப்பது வருஷத்துக்கு முந்தின பைகுல்லா வாயில் ஊறியது.

ஒரு மரப்பாலம் வந்து தூக்கிப் போட்டது. அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். வாய் திறக்க முடியவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. கையில் பிளாஸ்டிக் கவர், வாய் விரித்து, தயாராக.

மிச்சப் படத்தை வானமாமலை அந்தக் கவருக்குள்தான் பார்த்தார்.

வெளியே வந்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தபோது பதினாறு பேரும் சுற்றி நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. இசக்கியம்மாள் ஈரத்துண்டைப் பிழிந்து கொடுத்தாள்.

"சாப்பாடு சேரல" என்றார் அவர்.

"ஆமா, சாப்பாடுதான்" என்றாள் இசக்கியம்மாள். முகத்தை எவ்வளவு நேரம்தான் அப்படி வைத்திருக்க முடியும்? "சீட்டுக்கு ஒரு ஸ்டியரிங்க மாட்டி வச்சிருக்கலாம். பாவம், வெறுங்கையோட ஒக்காத்தி வச்சிட்டானுவளே!" அவ்வளவுதான், பெஞ்சைச் சுற்றி ஒரே சிரிப்பு. விஜயராணிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கல்யாண நாளிலிருந்து அடக்கி வைத்த இருபத்தோரு வருஷத்துச் சிரிப்பு அது, ஒரேயடியாக வந்தது.

வானமாமலை எழுந்து ராட்டினம் இருக்கும் பக்கமாக நடந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, இசக்கியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, மெல்லிய குரலில் கேட்டார்.

"மதினி, ஒங்களுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

"ஆகாம என்ன? ஆகாம பாத்துக்கிட்டேன். நான் காலைல இருந்து ரெண்டு இட்லிதான். எப்பவும் பின்னால, நடுவுல ஒக்காருவேன். அங்ஙன இருந்து பாத்தா திரைக்கு ஒரு ஓரம் இருக்குன்னு தெரியும். சுத்த ஆரம்பிச்சா முன்னால இருக்கவன் மண்டையப் பாப்பேன். அது ஆடாதுல்லா? அதுக்கும் மேல போனா கண்ண மூடிக்கிடுவேன். கண்ண மூடிட்டா அது வெறும் ரேடியோதான்."

"நீங்க கண்ண மூடிட்டா படம் பாத்தாப்ல?"

"நீரு கண்ணத் தொறந்து என்னத்தப் பாத்தீரு?"

அப்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஓட்டுகிறவனுக்கு ஏன் குமட்டுவதில்லை? அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். இந்த மலைப்பாதையும் இப்போது ஒருமுறை போன பாதைதானே. முதல் வளைவு இடது, அப்புறம் இரண்டு வலது, ஒரு மரப்பாலம்.

"நாலு மணிக்கு இன்னொரு ஷோ இருக்காம்" என்றார்.

"இவியளுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றாள் விஜயராணி. "அப்பா, மத் கரோ, வேண்டாம்" என்றாள் மகள். இசக்கியம்மாள் மட்டும் பையிலிருந்து ஒரு சுக்குத் துண்டை எடுத்து நீட்டினாள். "வாரும். நானும் வாறேன்."

வாசலில் சைஃபுக்கு அவரை அடையாளம் தெரிந்தது. முதல் ஷோவுக்குப் பிறகு அந்தக் கவரை வாங்கிக் குப்பையில் போட்டவர் அவர்தானே. "அங்கிள், ஃபிர் சே?" என்று, மறுபடியுமா என்பதுபோல ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கடைசி வரிசையின் நடுவில் இரண்டு சீட்டைக் காட்டி, ஒரு காகிதப் பையையும் மரியாதையாகக் கையில் வைத்தார்.

ஜீப் இறங்கியது. வானமாமலை முன்சீட்டின் முதுகுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "லெஃப்ட்டு" என்று முணுமுணுத்து, வளைவு வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே இடது பக்கம் சாய்ந்தார். வளைவு வந்தது, போனது. "ரைட்டு. இன்னொரு ரைட்டு. பாலம் வருது மதினி, தூக்கிப் போடும்." எல்லாம் அவர் சொன்னபடியே வந்தது. முன்சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். வயிறு கொஞ்சம் முனகியது, ஆனால் எழுந்திருக்கவில்லை. வானமாமலைக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்த ஜீப்பை அவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார், சந்தேகமே இல்லை.

பாலம் தாண்டியதும் ஒரு குகை வந்தது. குகையை அவருக்குத் தெரியாது. முதல் ஷோவில் அந்த நேரத்தில்தான் கவருக்குள் இருந்தார். குகை முடிந்த இடத்தில் பாதையே இல்லை, அருவி மட்டும்தான். ஜீப் அதன் கூடவே தலைகீழாகப் பாய்ந்தது.

"மதினி!"

"கண்ண மூடும்!"

மூடினார். இருட்டில் தண்ணீர்ச் சத்தமும் யாரோ பிள்ளைகள் கத்துவதும் கேட்டன. மதினி சொன்னது சரிதான், வெறும் ரேடியோ. விளக்கு வந்தபோது காகிதப் பை மடிப்புக் கலையாமல் கையில் இருந்தது. சைஃபிடம் அதைத் திருப்பிக் கொடுத்தார். சைஃப் கைகுலுக்கினார்.

வெளியே காத்திருந்தவர்களிடம் இசக்கியம்மாள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள், "மதினி!" என்று அவர் கத்தியது உட்பட. திரும்பும் வழியில் வானமாமலை அவளை முன்சீட்டில் உட்கார வைத்தார். ரோடு நேராகத் தெரிந்தால் நல்லது என்று அவளுக்கே பாடம் எடுத்தார். அவள் கேட்டுக்கொண்டாள். வாஷி பாலம் வரைக்கும் கவருக்கு வேலை வரவில்லை, அதன்பிறகு வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு, ஈரத்துண்டைப் பிழிந்து நீட்டினார்.

அதோடு ஒரு புதுப் பழக்கமும் தொற்றிக்கொண்டது. அடுத்த மாதம் முலுண்டிலிருந்து ஒரு குடும்பத்தை மஹாபலேஷ்வருக்கு ஏற்றிக்கொண்டு போனார். மலை ஏற ஆரம்பித்ததும், பின்னால் இருப்பவர்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து, ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டியே அறிவித்தார். "லெஃப்ட்டு வருது. பெரிய லெஃப்ட்டு. ரைட்டு, ஜாக்கிரதை. ஒரு குழி இருக்கு, இப்போ." அந்த மலையில் வளைவுகள் கொஞ்சநஞ்சமா?

யாருக்கும் குமட்டவில்லை. ஆனால் அரை மணி நேரம் பொறுத்த பிறகு அந்தக் குடும்பத்துப் பெரியம்மா முன்னால் குனிந்து, "டிரைவர், நீங்க நன்னாதான் ஓட்டறேள். செத்த வாயை மூடிண்டு ஓட்டுங்கோ, தூங்கணும்" என்றாள்.

வானமாமலை வாயை மூடிக்கொண்டார். வளைவு வரும்போது தலையை மட்டும் அந்தப் பக்கமாக ஆட்டினார்.