பாவம் என்று சொல்ல ஆளில்லை

கப்பலூரில் தகரம் வெட்டும் பட்டறை ஒன்றில் சந்தியாகு சூப்பர்வைசர். பிரஸ் மெஷினுக்குள் கை போகாமல் இருக்க ஒரு கம்பித்தடுப்பு உண்டு. அது இருந்தால் வேலை ஓடாது என்று முதலாளி முணுமுணுக்க, சந்தியாகுதான் ஸ்பேனரை எடுத்து அதைக் கழற்றினார். அந்த வாரமே அந்த மெஷினில் நின்ற பேரையூர்க்காரன் சிவபாண்டிக்கு வலதுகை விரல்கள் போயின. விசாரிக்க வந்த அதிகாரியிடம், "அவனாத்தான் கழட்டிருக்கான் சார்" என்றார் சந்தியாகு. நாக்குத் தடுமாறவில்லை. நெஞ்சு உறுத்தியது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

"நீங்க என்ன கொலையா பண்ணீங்க? எல்லாக் கம்பெனிலயும் இப்பிடித்தான் சொல்றாக" என்றாள் மனைவி செசிலி.

சனிக்கிழமை சாயங்காலம் மாதா கோயிலுக்குப் போனார். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இளவயதுச் சாமியார் அவரை ஆபீஸ் அறையில் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார்.

"பயத்துல சொல்லிட்டீங்கண்ணே, மனுச இயல்புதான். ஒங்களையே போட்டு வருத்திக்காதீங்க. தூக்கம் வரலைன்னா நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்காரு."

"சாமி, நான் பாவத்தச் சொல்ல வந்தேன். சீக்கச் சொல்ல வரல."

சாமியார் அன்பாகச் சிரித்து, ஜெபித்து அனுப்பிவிட்டார். பாவமன்னிப்பு அவரும் தரவில்லை, இவரும் வற்புறுத்திக் கேட்கவில்லை.

சிவபாண்டியாவது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்பான் என்று பேரையூருக்குப் பஸ் ஏறினார். அவன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"தடுப்பக் கழட்டுனது நாந்தாம்ப்பா. பழிய ஒம்மேல போட்டுட்டேன்."

"தெரியும்ண்ணே. ஒங்க எடத்துல இருந்தா நானும் அதத்தான் சொல்லிருப்பேன்." டிவி சத்தத்தைக் குறைத்தான். "அது கெடக்கட்டும். எம் மச்சினன் அழகுராஜா சும்மாத்தான் திரியுறான். அந்த மெஷின்ல சேத்துவிடுங்க."

"இன்னும் தடுப்பு மாட்டலப்பா."

"சூதானமா இருந்துக்கிருவாண்ணே."

திங்கட்கிழமை அழகுராஜா அந்த மெஷினில் நின்றான். தடுப்பு மாட்டச் சொல்லி முதலாளியிடம் சந்தியாகு ஒருமுறை கேட்டார். "பாப்போம்" என்றார் முதலாளி. இவர் மறுபடி கேட்கவில்லை.

பூசையில் எல்லோரும் நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போகும்போது, மன்னிப்புப் பெறாத பாவத்தோடு வாங்கக் கூடாதென்று அவர் மட்டும் சில வாரம் பெஞ்சிலேயே இருந்தார். ஒரு ஞாயிறு செசிலி முழங்கையால் இடித்தாள். "எந்திரிங்க, ஆளுக பாக்குறாக."

எழுந்து, வரிசையில் போய், வாங்கிக்கொண்டார். இடி ஒன்றும் விழவில்லை. திரும்பி வந்து மண்டியிட்டுக் கண்ணை மூடி, பழைய உறுத்தலை உள்ளே தேடிப் பார்த்தார். செய்தது தப்பு என்பது புத்திக்குத் தெரிந்தது. வலிக்கத்தான் இல்லை.