அரசாங்க உறைக்குள் அத்தானின் முகம்

தபால் பிரிவு எழுத்தரான அவளுக்கு அலுவலகத்தில் ‘விதி’ என்று பட்டப்பெயர். அவள் நடந்து வந்தால், “எழுந்திரு, விதி வருது” என்று கிசுகிசுப்பார்கள். எதைக் கேட்டாலும் விதிமுறையைச் சொல்கிறாள் என்பதுதான் குறை. இருபத்திரண்டு வருஷமாக வெளியே போகும் அரசாங்கக் கடிதங்களை உறையிலிட்டு, எடை பார்த்து, முத்திரை குத்தி அனுப்புகிறவள் வேறு எதைச் சொல்வாள்?

தேர்தல் அறிவித்த மறுவாரம் அவளுடைய அக்கா வீட்டுக்காரர் வேட்பாளராக வந்து நின்றார். அதுவரை அந்த மனுஷன் தெருவுக்குச் செய்த ஒரே தொண்டு, தன் காரை அதன் குறுக்கே நிறுத்தியதுதான். இப்போது வாய் கொள்ளாத சிரிப்பு, கை நிறையத் துண்டறிக்கை. அவளுடைய அலுவலகத்துக்குள்ளேயே வந்து, சான்றிதழுக்காக வரிசையில் நின்றவர்களின் கையில் ஆளுக்கொன்றாகத் திணித்துக்கொண்டிருந்தார்.

“அத்தான், இங்க உள்ள குடுக்கக் கூடாது. கேட்டுக்கு வெளிய நடைபாதையில நின்னு குடுங்க. அங்க யாரும் உங்களைத் தடுக்க மாட்டாங்க.”

“வெளிய வெயில் மண்டையப் பொளக்குதும்மா. காகிதம்தானே குடுக்கறேன்?”

“வாங்கலேன்னா சான்றிதழ் கிடைக்காதோன்னு பயந்து வாங்கறாங்க. பாத்தா தெரியலையா?”

சத்தம் கேட்டு மேலாளர் வெளியே வந்தார். பொதுமக்களுக்காக நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாத அளவு முதுகுவலி உள்ளவர். வேட்பாளரைக் கண்டதும் வலி போன இடம் தெரியவில்லை. கையைப் பிடித்து அறைக்குள் அழைத்துப் போனார். அரைமணி கழித்து அத்தான் வெறுங்கையோடு கிளம்பினார். துண்டறிக்கைக் கட்டுகள் மேலாளரின் மேசைக்கு அடியில் தங்கிவிட்டன.

மறுநாள் மேலாளர் அவளைக் கூப்பிட்டார். குரலில் தேன் சொட்டியது.

“நாலாயிரம் வரி நோட்டீஸ் போகுதில்லம்மா? உறைக்கு ஒண்ணா இதையும் வச்சிடு.”

“எழுத்துல உத்தரவு குடுங்க சார்.”

மேலாளரின் பேனா சட்டைப்பையை விட்டு அசையவில்லை. எழுதிக் கொடுக்கத் தெம்பிருந்தால் மேசைக்கு அடியில் ஏன் ஒளிக்கப்போகிறார்?

“சொந்த அக்கா புருஷனுக்கு இதுகூட செய்ய மாட்டியா?”

“எனக்குச் சம்பளம் அவர் குடுக்கல சார்.”

வாய்தான் அப்படிச் சொன்னது. தன் மேசைக்கு வந்தபின் ஒரே உறையை மூன்று தடவை எடை போட்டாள். அக்காவுக்கு என்ன பதில் சொல்வது?

மூன்று நாளில் நோட்டீஸ்கள் ஒட்டிய உறைகளாகவே அவளிடம் வந்தன. மேலாளர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் கையாலேயே ஒட்டியிருந்தார்; அவர் அந்த அலுவலகத்தில் வேர்க்க விறுவிறுக்கச் செய்த முதல் வேலை. அவள் ஓர் உறையைத் தராசில் வைத்தாள். ஒற்றைத் தாளுக்குக் கனம் அதிகம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்ளேயிருந்து அத்தான் பல்லைக் காட்டினார்.

ஓர் உறைக்கும் முத்திரை குத்தவில்லை. எல்லாவற்றையும் அலமாரியில் பூட்டிவிட்டுத் தேர்தல் அதிகாரியிடம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தாள். அன்று மாலையே அவர் வந்து உறைகளைப் பிரித்தார்.

“வேட்பாளரோட மச்சினி சார் இவ. இவதான் வச்சிருப்பா” என்றார் மேலாளர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

“அப்புறம் இவங்களே வந்து ஏன் புகார் குடுக்கறாங்க?” என்றார் அதிகாரி.

மேலாளர் முதுகைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றே இடைநீக்கம் ஆனார்.

அடுத்த நாள் எதிரணி வேட்பாளர் பூங்கொத்தோடு வந்தார். “உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்மா, நாடு உருப்பட்டுடும்” என்று உருகினார். உருகிய கையோடு வரிசையில் நின்றவர்களுக்குத் தன் துண்டறிக்கையை நீட்டினார்.

“கேட்டுக்கு வெளிய” என்றாள் அவள்.

பூங்கொத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அத்தான் தோற்றார். ஊரே சேர்ந்து தோற்கடித்தது. பழி மட்டும் மச்சினி தலையில் விழுந்தது. மேலாளர் ஆறு மாதத்தில் வேறோர் அலுவலகத்தில், இதைவிடப் பெரிய அறையில் போய் உட்கார்ந்தார்.

அக்கா நாலு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாக வந்து சமையலறையில் உட்கார்ந்தாள்.

“அவர் பண்ணது தப்புதான். எனக்கென்ன தெரியாதா? ஆனா புகார் குடுக்கப் போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

சொன்னால் அக்கா அழுவாள், அழுதால் தன் மனசு இளகிவிடும் என்று பயந்துதான் அன்று சொல்லாமல் போனாள். அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.