மாட்டுப் பொங்கலன்று மகாபலிபுரம் போனது

இன்று காலை தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. குலுக்கிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக உறைந்து கிடந்தது. சென்னைக்குத் தெற்கே, எங்கள் படூரில் குளிர்காலம் வந்ததற்கு இதைவிடப் பெரிய அறிவிப்பு கிடையாது. காலண்டரில் மார்கழி என்றைக்கோ பிறந்திருக்கும், செய்தியில் மூடுபனி என்பார்கள். நான் எதையும் நம்புவதில்லை. எண்ணெய் உறைந்தால்தான் குளிர். பாட்டிலை வெந்நீரில் நிறுத்திவிட்டு அந்த வாசனையோடு கொஞ்ச நேரம் நின்றேன். உங்களுக்குத் தேங்காய் எண்ணெய் என்றால் தலைமுடி ஞாபகம் வரும். எனக்கு சைக்கிள் செயின் ஞாபகம் வருகிறது.

சிரிக்காதீர்கள். நாவலூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், படூரில் ஒரு வாடகை ஃபிளாட்டில் நாங்கள் பெண்களாகச் சேர்ந்து குடியிருந்தோம். செயினுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று தெரியும். என்ன எண்ணெய் என்று தெரியாது. வீட்டில் இருந்தது இது ஒன்றுதான். ராத்திரி தாராளமாக ஊற்றி வைத்தோம். மார்கழிக் காலையில் போய்ப் பார்த்தால் செயின் முழுக்க வெள்ளைத் திட்டு, மிதித்தால் நறநறவென்று சத்தம், போதாக்குறைக்கு எறும்பு வேறு. எல்லோரும் என்ஜினீயரிங் படித்தவர்கள், அதில் ஒருத்தி மெக்கானிக்கல்.

அந்த சைக்கிள்கள் நாங்கள் வாங்கியவை அல்ல. அந்தக் காலத்தில் எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்காவது ஆன்சைட் என்று வெளிநாட்டு வேலை கிடைத்தால், கிளம்பும் முன் கறிவேப்பிலைத் தொட்டி, பக்கெட், பாய், சைக்கிள் எல்லாவற்றையும் இருக்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். உடற்பயிற்சி செய்கிறேன் பேர்வழி என்று வாங்கி ஒரு வாரம் ஓட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். கொடுத்தவர் பெயரே சைக்கிளுக்கும் பெயர். நான் ஓட்டியது கீர்த்தனா. ரோஸ் நிறம், முன்னால் கூடை, என் முழங்கால் ஹாண்டில்பாரில் இடிக்கும் உயரம். கூடக் குடியிருந்த கலைவாணி ஓட்டியது ஜோசப். ஒருநாள் ஆபீஸ் லிஃப்டில் அவள் சத்தமாக, "ஜோசப்புக்கு நேத்தே காத்து எறங்கிடுச்சுடி, செவுத்துல சாச்சு வெச்சுட்டேன்" என்று சொல்ல, கூட இருந்தவர்கள் அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டார்கள்.

கலைவாணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டுக்காரி. ஆபீஸ் மீட்டிங்கில் ஒரு பேச்சு, சைக்கிளில் ஏறிவிட்டால் வேறு பேச்சு. "இன்னாடி, கோயில்பட்டியில குளிரே கெடையாதா, இப்டி போத்திகினு வர்றே?" என்பாள். நான் ஸ்வெட்டர் போட்டு, காதை மஃப்ளரால் சுற்றிக்கொண்டு கிளம்புவேன். கேளம்பாக்கம் தாண்டுவதற்குள் வேர்த்து ஊற்றும். எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று கீர்த்தனாவின் கூடைக்குள் போகும். திரும்பி வரும்போது பார்க்கிறவர்களுக்கு நான் துணி வெளுக்க எடுத்துப் போகிறவள் மாதிரி இருந்திருப்பேன்.

மார்கழி சனிக்கிழமைகளில் விடியும்போது கிளம்புவோம். எங்காவது போய்ச் சேர வேண்டும் என்று இல்லை. கோவளம் போகும் வழியில் உப்பளத்தின் மேல் பனி படுத்திருக்கும். தண்ணீரில் கொக்குகள் ஒற்றைக்காலில் நிற்கும். வாசல்களில் கோலத்தின் நடுவே சாணி உருண்டையும் பூசணிப்பூவும். மைக்செட் பாட்டு ஓர் ஊரில் தேய்ந்து மறையும்போதே அடுத்த ஊர்ப் பாட்டு வந்து சேர்ந்துவிடும். ஒரு டீ, ஒரு பொறை பிஸ்கட், திரும்பி வீடு. வேகம், தூரம், எத்தனை கலோரி என்றெல்லாம் யாரும் கேட்டதில்லை. ஆபீசில் வாரம் முழுக்க எதையாவது அளந்துகொண்டே இருந்தோம் இல்லையா, அதனால் இதை அளக்கவே தோன்றவில்லை.

அந்த வருஷம் பொங்கலுக்கு எனக்கு ஊருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. கலைக்குப் பொங்கலன்று வேலை. எங்கள் கிளையண்ட் இருக்கிற அமெரிக்காவில் பொங்கல் கிடையாதே. மறுநாள் மாட்டுப் பொங்கலுக்கு அவள் செங்கல்பட்டுக்குப் போயே ஆக வேண்டும். மூன்று மணிக்கு மேல் பெண் பார்க்க வருகிறார்கள். இதற்கு முன் வந்துபோன குடும்பங்களெல்லாம் காபி குடித்துவிட்டு, போய் போன் செய்கிறோம் என்று சொல்லிப் போனவை. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை. ஆனால் இந்த முறை போட்டோவைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். பையன் பெயர் சரவணன், காஞ்சிபுரம், வேலை புனேயில். ஒரு தடவை அவனே போனில் பேசியிருந்தான். "சிரிக்கறப்போ மூச்சு வுட மறந்துட்றாண்டி. எனக்குப் புடிச்சிருக்கு. இது மட்டும் தட்டிப்போச்சு, பேஜாராய்டும்" என்றாள். அவள் எதையும் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தடவை.

மூன்று மணிக்கு முந்தின நேரத்தை எப்படிக் கழிப்பது? படபடப்பாக இருக்கிறது, கொஞ்ச தூரம் போய் வரலாம் என்று அவள்தான் சொன்னாள். விடியற்காலையில் புறப்பட்டோம். கோவளத்தில் டீ குடித்துவிட்டு ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினோம் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது கூத்து. சைக்கிள் பறந்தது. கீர்த்தனா, அந்தக் கூடை வைத்த கீர்த்தனா, பறந்தாள். சவுக்குத் தோப்புகள் பின்னால் ஓடின. தோப்பு விட்ட இடங்களில் கடல் பளிச்சென்று தெரிந்து மறைந்தது. கால் வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை. "நாம இவ்ளோ ஸ்ட்ராங் ஆய்ட்டோமா?" என்று கலை கத்தினாள். மார்கழி முழுக்க வாரம் தவறாமல் ஓட்டினோமே, உடம்பு தேறாமல் இருக்குமா என்று நான் பதிலுக்குக் கத்தினேன். கோவளத்தோடு திரும்ப வேண்டியவர்கள், பெருமை தாங்காமல் மகாபலிபுரம் வரைக்கும் போய்விட்டோம்.

கடற்கரைக் கோயிலைத் தூரத்திலிருந்து பார்த்தோம், இட்லி சாப்பிட்டோம், கலை இன்னொரு வடை கேட்டாள். நேரம் நிறைய இருந்தது. வந்த வேகத்தில் திரும்பினால் குளித்துவிட்டு பஸ் பிடித்து மத்தியானச் சாப்பாட்டுக்கே செங்கல்பட்டு போய்விடலாம். சைக்கிளை வடக்கே திருப்பினோம்.

மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும் என்று நாலாம் வகுப்பில் படித்து மார்க் வாங்கியிருக்கிறோம். அது சைக்கிளுக்கும் பொருந்தும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. மிதிக்க மிதிக்க நின்ற இடத்திலேயே நின்றோம். என் மஃப்ளர் பறந்து போய் ஒரு கள்ளிச்செடியில் மாட்டிக்கொண்டது. ஒரு பெட்டிக்கடையைத் தாண்டுவதற்குள், அந்தக் கடைக்கு ஒருவர் நடந்து வந்து, வாழைப்பழம் தின்று, தோலைப் போட்டுவிட்டு எங்களை முந்திக்கொண்டு போனார். கலை காலை ஊன்றி நின்றாள்.

"வர்றப்போ நாம எங்கடி ஓட்டனோம்? காத்துதான் நம்மள இட்டாந்துது."

அவள் முகத்தில் முதல்முறையாகப் பயம் பார்த்தேன். பண்டிகைக் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அவள் ஒருத்தியை மட்டும் ஏற்றிவிடுகிறேன் என்றால், படூர் பக்கம் போகிற பஸ்ஸிலும் செங்கல்பட்டு பஸ்ஸிலும் ஜன்னலில் ஆள் தொங்கியது. கலை தண்ணீர் குடித்தாள், மேற்கே பார்த்தாள்.

"திருக்கழுக்குன்றம் வழியா நேரா எங்க வூட்டுக்கே பூடலாம். காத்து சைடுல தான் வரும். நீ இன்னா சொல்றே?"

ஜோசப்பும் கீர்த்தனாவும் மேற்கே திரும்பினார்கள்.

அந்த வழி இருக்கிறதே, அதை நான் எப்படிச் சொல்லி உங்களுக்குக் காட்டுவேன்? கடல் பின்னால் போய், வயலும் ஏரியும் வந்தன. ஊருக்கு ஊர் மாடுகள் கொம்பில் நீலமும் சிவப்பும் பூசிக்கொண்டு, கழுத்தில் பலூன் கட்டிக்கொண்டு நின்றன. ஓரிடத்தில் மாடுகளை மொத்தமாக ஓட்டிவந்து சாலையை அடைத்துவிட்டார்கள். கலை தவித்தாள். "அண்ணாத்த, கொஞ்சம் வழி வுடுங்க, என்னைப் பொண்ணு பாக்க வந்துகினு இருக்காங்க!" என்று கத்தினாள். அவ்வளவுதான். "பொண்ணு வருது, வழி வுடுங்கடா!" என்று ஒரு குரல் கிளம்பி, தெரு முழுக்கப் பரவி, தாரை தப்பட்டையோடு எங்களை ஊர் எல்லை வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். யாரோ ஒரு அம்மா என் கூடையில் ஒரு கரும்புத் துண்டைப் போட்டார். திருக்கழுக்குன்றத்து மலை முன்னால் வந்தது, பக்கத்தில் நின்றது, நாங்கள் எவ்வளவு மிதித்தும் பின்னால் போக மறுத்தது. கலை சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். நானும்தான்.

அவள் வீட்டு வாசலில் ஒரு கார் நின்றிருந்தது. அவள் அம்மா பின்பக்கம் ஓடிவந்தார். "இன்னாடி கோலம் இது! அவங்க வந்து உக்காந்துகினு கீறாங்க!" நாலு சொம்பு தண்ணீர் ஊற்றி, புடவை சுற்றி, தலையில் மல்லிகை வைத்து, கையில் காபித் தட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். காபி கொடுக்கிற வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. "பெரியவங்கள சேவிச்சுக்கோம்மா" என்றார் அவள் அப்பா.

கலை விழுந்து வணங்கினாள். எழுந்திருக்கவில்லை.

முதலில் பக்தி என்று நினைத்திருப்பார்கள். பையனின் அம்மா ஆசீர்வாதம் செய்து முடித்து, மறுபடியும் ஒருமுறை செய்தார். கலை அசையவில்லை. அவளுக்குத் தொடை பிடித்துக்கொண்டது என்று எனக்குப் புரிந்து, தூக்கிவிட ஓடிப்போய்க் குனிந்தேன். என் காலும் மடங்கியது. நானும் அவள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இரண்டு பெண்கள் தரையில். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது சரவணன் எழுந்து வந்து கலையிடம் இரண்டு கையையும் நீட்டினான். "டேய், நீ உக்காரு" என்றார் அவன் அம்மா. "அவங்களுக்குக் கால் புடிச்சிகினு கீதும்மா" என்றான் அவன். கலை அவன் கையைப் பிடித்து எழுந்து, நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு நடந்ததையெல்லாம் சொன்னாள். காற்று, வடை, மாடு, தப்பட்டை, ஒன்று விடவில்லை. அவன் சிரிக்க ஆரம்பித்தான். அவள் சொன்னது உண்மைதான், சிரிக்கும்போது மூச்சுவிட மறந்துவிடுகிறான். அவன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"அவ்ளோ தூரத்துலேர்ந்து மிதிச்சிகினு வந்தியா? எங்களப் பாக்கறதுக்கா?"

"ஆமாங்கம்மா. நீங்க போய்டுவீங்களோன்னு பயமா இருந்துது" என்றாள் கலை.

அந்த அம்மா எழுந்து வந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். காதோரம் இன்னும் உப்புப் படிந்திருந்தது. தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டார். போய் போன் செய்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள். எனக்கு இன்னொரு காபி கொடுத்தார்கள், தரையில் உட்கார்ந்தபடியே குடித்தேன். அவ்வளவு சந்தோஷம். வைகாசியில் கல்யாணம், அப்புறம் புனே என்று யாரோ சொன்னது காதில் விழுந்தபோது தம்ளரைக் கீழே வைத்தேன். தலை குனிந்து காலை நீவிக்கொண்டேன்.

மறுநாள் காணும் பொங்கல். "பஸ்ல போங்க, சைக்கிள அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் கலையின் அப்பா. கலை என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். "ஓட்டினே போறோம்பா" என்றாள். திருப்போரூர்க் காட்டு வழியாக வடகிழக்கே, வாடைக்காற்றுக்கு நேர் எதிரே, ஒரு நாள் முழுக்க ஓட்டினோம். ஓட்டினோம் என்பதைவிடத் தள்ளிக்கொண்டு போனோம் என்பதே சரி. ஒவ்வொரு புளிய மரத்தடியிலும் நின்றோம். ஏரிக்கரையில் புளிசாதம் சாப்பிட்டுத் தூங்கினோம். காற்று எங்களைப் பின்னுக்குத் தள்ளியது, தள்ளட்டும் என்று விட்டோம். அடுத்த மார்கழிக்கு அவள் இங்கே இருக்க மாட்டாள், இது கடைசி என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. படூர் கட்டடங்கள் தெரிந்தபோது, "இன்னொரு டீ?" என்றாள் கலை.

இப்போது சவுக்குத் தோப்புகள் இருந்த இடத்தில் நீளநீளமாகக் காம்பவுண்ட் சுவர்கள். கடல் அதற்கு அந்தப் பக்கம் எங்கோ இருக்கிறது. ஆன்சைட் போகிறவர்கள் சைக்கிளை ஆப்பில் விற்றுவிடுகிறார்கள். எங்கள் பழைய ஃபிளாட்டில் யார் யாரோ இருக்கிறார்கள், ஒருத்தியின் பெயரும் எனக்குத் தெரியாது. கலைக்கு இரண்டு பிள்ளைகள், மராத்தியில் சண்டை போடுகிறார்களாம். போனில் நன்றாகப் பேசுகிறாள், பாதியில் யாராவது கூப்பிடுகிறார்கள், வைத்துவிடுகிறாள். ஏதாவது வேலையாகச் செங்கல்பட்டுக்குப் போனால் நான் அதே திருப்போரூர் வழியில்தான் காரில் போகிறேன், ஏறி உட்கார்ந்தால் வந்துவிடுகிறது. அந்தக் காணும் பொங்கலுக்குப் பிறகு அவ்வளவு மெதுவாக நான் எங்கேயும் போனதில்லை.