கண்ணாடியக்காவின் எண்ணிக்கை

"போயிட்டியாடா நீயும்?" என்றபடி இடக்கையில் இருக்கும் எண்ணும் கருவியை ஓர் அழுத்து அழுத்துகிறார் கண்ணாடியக்கா. டக். மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்கிறது, கண் நுண்ணோக்கியில் பதிந்திருக்கிறது. வலக்கை குமிழைத் திருப்ப, அடுத்த செல் வருகிறது. அது பிழைத்திருக்கிறது போலும். "நீ இரு ராசா" என்று விட்டுவிடுகிறார். பத்திரிகைக்கு எழுத வந்து வாசலில் நிற்கும் என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "இந்தக் கட்டம் முடியட்டும், உக்காருங்க" என்கிறார். கட்டம் முடிய நாற்பது நிமிடம் ஆகிறது.

ஆய்வுக்கூடத்தில் இருபத்தோரு வருடமாக இதே நாற்காலி. பக்கவாதம் வரவழைத்த எலிகளின் மூளையை மெல்லிய சீவல்களாக்கிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, செத்த செல்களை எண்ணுவது வேலை. மதியச் சாப்பாட்டை நின்றபடியே முடித்துவிடுவார். பேச்சுக்கு மட்டும் குறைச்சலில்லை. செல்லெல்லாம் ராசா, இயந்திரமெல்லாம் சனியன்.

பக்கவாதம் வந்தால் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டேன்.

"ரத்தம் அடைச்சதும் அங்க இருக்கிற செல்லு மூச்சு முட்டி, தன்கிட்ட இருக்கிற குளூட்டமேட்டுங்கற ரசாயனத்தையெல்லாம் கொட்டிடும். பக்கத்து செல்லுல ஏற்பின்னு ஒரு கதவு. எப்பவும் குளூட்டமேட் வந்து தட்டும், கதவு திறந்து மூடிக்கும். இப்ப விடாம தட்டுதா, கதவு திறந்தே கிடக்கும். கால்சியம் குபுகுபுன்னு உள்ள பாயும். அடைப்பு இங்கதான், ஆனா பக்கத்து வீட்டுலயும் இழவு விழுந்துடும்."

அந்தக் கதவைக் கொஞ்ச நேரம் சாத்தி வைக்கும் மருந்து ஒன்றுதான் இங்கே சோதனையில் இருக்கிறது. இந்த வகை மருந்துகள் எலியிடம் ஜெயித்து மனிதரிடம் மண்ணைக் கவ்விய கதைகள் அவருக்கு அத்துப்படி.

இரண்டு வருடத்துக்கு முன், வேன் ஓட்டிக்கொண்டிருந்த அவர் கணவருக்கே பக்கவாதம் வந்தது. வலக்கை விழுந்துவிட்டது. "அவருக்கு இந்த மருந்து உதவாது, நேரம் தாண்டிடுச்சு. வேற எவ வீட்டுக்காரருக்காவது ஆகட்டும்." மருந்து ஜெயிக்க வேண்டும் என்று அன்றிலிருந்து அவருக்கு வெறி. அந்த வெறியைத்தான் அவர் துளியும் நம்புவதில்லை.

எந்தத் தகடு மருந்து ஏறிய எலியுடையது, எது வெறும் உப்புநீர் ஏறியது என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. தகட்டில் எண் மட்டும் இருக்கும். போன வருடம் எண் போட்டவர் அலுப்பில், மருந்துக்கெல்லாம் இரட்டைப்படை எண்ணாகவே போட்டுத் தொலைத்தார். ஐந்து மாதம் எண்ணியதில், இரட்டைப்படைத் தகட்டில் சாவு குறைவு என்பது கண்ணாடியக்காவுக்கே தெரியாமல் மனதில் பதிந்துவிட்டது. ஒருநாள் இரட்டைப்படைத் தகடு ஒன்றில், சுருங்கிக் கறுத்துப்போன ஒரு செல்லைக் கண்ட பிறகும் தன் கட்டைவிரல் அழுத்தாமல் நின்றதைக் கண்ணாடியக்கா கவனித்தார். எழுந்து நேரே பேராசிரியரிடம் போனார்.

"இது யாருக்கும்மா தெரியப்போகுது?" என்றார் பேராசிரியர்.

"என் கட்டைவிரலுக்குத் தெரிஞ்சுபோச்சே சார்."

இருநூற்றுப் பன்னிரண்டு தகடுகளுக்கும் புது எண் போடவைத்து, முதலிலிருந்து எண்ணினார். பாதி செல்களைக் காப்பாற்றியதாகத் தெரிந்த மருந்து, ஐந்தில் ஒரு பங்கைத்தான் காப்பாற்றியிருந்தது. "அழுதேங்க, பொய் சொல்வானேன். ஆனா மிச்சம் இருக்கிறது நிஜம்ல?" மறுநாளே அடுத்த அடுக்குத் தகடுகளை எடுத்துவிட்டார். இரண்டு வரி கூட்டி எழுதியே பிழைக்கிற எனக்குக் கேட்கவே கூச்சமாக இருந்தது.

சனிக்கிழமை காலை வீட்டுக்கு வரச் சொன்னார். மூன்றாவது மாடி, சமையலறையை ஒட்டிய மேசை. கணவருக்கு முன்னால் ஒரு கோப்பையும், கொடியில் துணிக்கு மாட்டுகிற கிளிப் ஒன்றும் இருந்தன. வலக்கை விரலால் கிளிப்பை அழுத்தித் திறந்து கோப்பை விளிம்பில் மாட்ட வேண்டும். இரண்டு வருடமாகத் தினமும் அரைமணி நேரம் இந்தப் பயிற்சி, ஒருமுறைகூடத் திறந்ததில்லை. மூன்று நாளாகத் திறக்கிறது என்கிறார் கணவர்.

"பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டு நம்ப மாட்டேங்கறா சார். கோர்ட்டுலகூட இவ்வளவு சாட்சி கேக்க மாட்டாங்க."

"நான் பாத்தா திறந்த மாதிரிதாங்க தெரியும்," என்றார் அக்கா. "அவ்வளவு ஆசை எனக்கு. நீங்க சொந்தமும் இல்ல, டாக்டரும் இல்ல. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து, இடக்கையால் வலக்கையைத் தூக்கிக் கிளிப்பின் மேல் வைத்தார்.

கண்ணாடியக்கா கைப்பையிலிருந்து எண்ணும் கருவியை எடுத்தார். சைபருக்குத் திருப்பி, என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தார்.